மாவும் பாலும் இல்லாத மூன்று மாதம்

என் மகளுக்கு ஆறு வயது முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவளும் ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் வாத்தியார் அவளைக் கையோடு கூட்டிவந்து என்னிடம் விட்டார்.

"இன்னுங் கொஞ்சம் வளரட்டும்" என்றார்.

எதில் வளர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்தில், அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. நான் அங்கே பிள்ளை மடுவத்து ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளையும் நடக்கிற பிள்ளைகளையும் என்னிடம் விட்டுப்போவார்கள். தொட்டில் ஆட்டுவது, பத்து மணிக்குப் பால் கரைத்துக் கொடுப்பது, மூக்குத் துடைப்பது, சண்டை விலக்குவது என் வேலை. வாத்தியார் திருப்பிக் கொடுத்ததிலிருந்து என் மகளும் அங்கேதான். மடுவத்திலேயே பெரிய பிள்ளை அவள்.

அவள் பேசமாட்டாள். செவிடு இல்லை, கொழுந்து லொறி மூன்றாவது திருப்பத்தில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், அவ்வளவுதான். பால்மா டின்னின் மூடியைத் தரையில் நிறுத்திச் சுற்றிவிட்டு, அது விழும்வரை பார்ப்பாள். விழுந்ததும் மறுபடி சுற்றுவாள். கதவு திறந்திருந்தால் ஓடுவாள். எங்கே என்று இல்லை, திறந்திருக்கிற பக்கம்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அவள் வயிறு. தட்டினால் மத்தளம் மாதிரிச் சத்தம் வரும். மூன்று நாள் வெளிக்குப் போகாது. நாலாம் நாள் ஐந்து தடவை போகும். அப்போது தன் வயிற்றிலேயே முஷ்டியால் குத்திக்கொண்டு கத்துவாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வாய் கிடையாது. கஷாயம் கொடுத்தாயிற்று. மாதா கோயில் சாமியார் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதே வாரம் என் வீட்டுக்காரர் மலையடிக் கோயிலில் போய்க் கயிறு மந்திரித்து வந்தார். இரண்டு பக்கத்துக்கும் மனக்குறை வரக்கூடாது என்று சொன்னார்.

அந்த வருஷம் தோட்டங்களின் பிள்ளை மடுவங்களைப் பார்க்க ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா வந்தார். உயரமான பெண். உள்ளே வரும்போது நிலையில் தலை இடித்துக்கொண்டார், போகும்போதும் இடித்துக்கொண்டார். அவருக்கு மொழிபெயர்க்க எங்கள் தோட்டத்து மருந்துக்காரய்யா கூட வந்தார். இரும்பல் மருந்தும் களிம்பும் கொடுக்கிற மனிதர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் தோட்டத்தில் இல்லை.

டாக்டரம்மா தொட்டில்களைப் பார்த்தார், தண்ணீர்ப் பானையைப் பார்த்தார், பிறகு மூலையில் மூடி சுற்றிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். போய்ப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். இன்னொரு மூடியை எடுத்துச் சுற்றினார். என் மகள் அந்த மூடியைப் பார்த்தாள். சுற்றிய ஆளைப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் இருவரும் மூடி சுற்றினார்கள். மருந்துக்காரய்யா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு டாக்டரம்மா என்னிடம் நிறையக் கேட்டார். எப்போது நடந்தாள், எதற்குப் பயப்படுவாள், என்ன சாப்பிடுவாள். கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் சுலபம். ரொட்டி, பேக்கரிப் பாண், டின்பால் போட்ட தேத்தண்ணி. வேறு ஒன்றும் தொடமாட்டாள். சோறு கொடுத்தால் ஒவ்வொரு பருக்கையாகத் தட்டிலிருந்து எடுத்துத் தரையில் வரிசையாக வைப்பாள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசினார்.

"இதுக்குப் பேரு ஓட்டிசமாம்" என்றார் மருந்துக்காரய்யா.

"அப்படின்னா?"

அவர் திரும்பிக் கேட்டார். டாக்டரம்மா மறுபடி பேசினார், இந்தத் தடவை இன்னும் நேரமாக. கைகளை இரண்டு முறை விரித்தார்.

"பொறக்கும்போதே இப்படித்தானாம். நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலையாம்."

அவ்வளவு நேரப் பேச்சுக்கு அது சிறிய மொழிபெயர்ப்பாகப் பட்டது. ஆனால் அதன் பின்பாதியை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தது, பப்பாளி தின்றது, கிணற்றடியில் விழுந்தது என்று எனக்கு லயத்து வரிசை வீடுகளில் மூன்று குற்றப்பத்திரிகை இருந்தது. மூன்றும் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடியாயின.

"மருந்து இருக்குதாங்களா?"

"இல்லையாம்."

டாக்டரம்மா இன்னும் ஏதோ சொன்னார். மருந்துக்காரய்யா முகம் சுளித்து அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க நாட்டுல சில தாய்மாருங்க இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குக் கோதம்ப மாவையும் பாலையும் நிறுத்திப் பாக்குறாங்களாம். சில புள்ளைக்கு நல்லாருக்குன்னு சொல்றாங்களாம். சில புள்ளைக்கு ஒண்ணுமே ஆகலையாம். ருசு கெடையாதாம்."

"டாக்டரம்மா என்ன செய்யச் சொல்றாங்க?"

"செய்யுன்னு சொல்லல. பேச்சு வரும்னு நம்பிச் செய்ய வேணாங்கிறாங்க. இந்த வயித்துக்காக வேணும்னா செஞ்சு பாக்கலாமாம். மூணு மாசம். வேற சாப்பாடு வயிறு நெறயக் குடுக்கணும். மாசாமாசம் நான் எடை நிறுத்துப் பாக்கணும். எளைச்சா உடனே விட்டுறணும்." தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார். "மாவுல பசை இருக்குதுல்ல ஆயாம்மா, நோட்டீஸ் ஒட்டுறமே. அந்தப் பசைதான் காரணமாம்."

சாயந்தரத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஓட்டிசம் என்றால் ஓடுகிற வியாதி என்று முடிவு செய்தார்கள். என் மகள் ஓடுகிறவள்தான் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை. சட்டையைக் கழற்றினாலும் தேயிலை வாசம் கழலாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப நாம என்னத்தத் திங்கிறது?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி. லயத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வீட்டில் ஒருவர் ரொட்டி தின்றாலும் அவள் கையிலிருந்து பிடுங்குவாள். ஆகையால் மூன்று பேரும்தான் நிறுத்த வேண்டும்.

"அவளுக்கு வயித்து வலி, எனக்குப் பட்டினியா?"

"மூணு மாசந்தாங்க."

"மெஷினுக்கு எண்ணெய் இல்லாம மூணு மாசம் ஓட்டச் சொல்லுவியா?" என்றார். ஆனால் மாவு டின்னை அவரே எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் அரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து, வறுத்து ரொட்டி சுட்டேன். பார்வைக்கு ரொட்டி மாதிரியே இருந்தது. என் மகள் அதை எடுத்து மூக்கில் வைத்தாள். கீழே வைத்தாள். போய் மாவு டின் இருந்த இடத்தில் நின்றாள். வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பிறகு கத்தத் தொடங்கினாள்.

அந்தக் கத்தலை நான் வர்ணிக்கப்போவதில்லை. எட்டுக் காம்பரா லயத்தில் எட்டாவது காம்பராக்காரர் வந்து கதவைத் தட்டி, பிள்ளையைத் தேள் கொட்டிவிட்டதா என்று கேட்டார். இல்லை, அரிசி மாவு என்றேன்.

இரண்டு நாள் வெறுந் தேத்தண்ணியும் வாழைப்பழத்தில் பாதியும்தான் உள்ளே போனது. அவித்த மரவள்ளியைத் தொடவில்லை. சோற்றை வரிசையாக வைத்தாள். அப்புத்தளைக் கடைவீதியில் எங்களுக்குப் பழக்கமான தேத்தண்ணிக் கடை முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, மொனராகலைப் பக்கமிருந்து நல்ல குரக்கன் மாவு, கேழ்வரகுதான், எடுத்துத் தந்தார். "கடும் சத்து தங்கச்சி, இதத் திண்ட புள்ளைகள் மரம் முறிக்கும்" என்றார். கூழ் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் அடுப்புச் சாம்பலில் ஊற்றினாள். சாம்பல் நிறத்துக்கு அது பொருத்தமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் அழுதுகொண்டே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நாளைக்கு இளைத்துவிட்டாள் என்று சொல்லி விட்டுவிடலாம் என்று மனதுக்குள் வாக்கியம் தயாராகிவிட்டது. அவள் வந்து துருவலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தின்றாள். இன்னொரு சிட்டிகை. நான் அசையவில்லை. மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. அரை மூடித் தேங்காய் போனபிறகு எழுந்து, அரிசி மாவில் நிறையத் தேங்காய் போட்டு இன்னொரு ரொட்டி சுட்டேன். எடுத்தாள். மோந்தாள். ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். அரிசி ரொட்டி ஓரத்தில் வெடிக்கும். வெடித்த இடம் வந்ததும் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பால்மா டின் மூடியை எடுத்து ரொட்டியின்மேல் அழுத்தினேன். வெடித்த ஓரமெல்லாம் போய்ச் சுத்தமான வட்டம் வந்தது. அவள் அதை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். பிறகு தின்றாள். நான்கு தின்றாள். வெட்டி எறிந்த ஓரங்களை என் வீட்டுக்காரர் இரவில் சம்பலோடு தின்றார். அடுத்த மூன்று மாதமும் அவருக்கு ஓரம்தான்.

வீட்டில் இப்படி ஒரு வழி வந்தது. மடுவத்தில் வரவில்லை. பத்து மணிக்கு நான் பால்மா கரைப்பேன். பிள்ளைகள் சுவரோரம் பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எனாமல் குவளை. என் மகளை அந்த நேரத்தில் வெளியே படியில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்காரவைத்துக் கதவைச் சாத்துவேன். அவள் பின்பக்கம் சுற்றி ஜன்னல் வழியாக வருவாள். நான் ஒரு பிள்ளைக்கு வாய் துடைத்து நிமிர்வதற்குள் இரண்டு குவளை காலியாகியிருக்கும்.

ஒரு கொழுந்துக்காரப் பெண் கூடையோடு வந்து நின்றாள்.

"ஆயாம்மா, ஒங்க மக எங்க புள்ள பாலைக் குடிச்சிப்புட்டாளாமே?"

"ஆமா."

"பாலு ஆகாதுன்னு டாக்டரு சொன்னதா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்பறம் ஏன் குடுக்குறீங்க?"

நான் கொடுக்கவில்லை என்று எப்படி விளக்குவது? அவள் பிள்ளைக்கு மறுபடி கரைத்துக் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து தேங்காய்ப் பால் பிழிந்து, கொஞ்சம் சீனி போட்டு, அதே மாதிரி எனாமல் குவளையில் என் மகளுக்குத் தனியாகக் கொண்டுபோனேன். பத்து மணிக்கு அவளையும் பாயில் உட்காரவைத்தேன். குவளையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாள், அடுத்த பிள்ளையின் குவளையைப் பார்த்தாள், குடித்தாள். ஒரு வாரத்தில் மற்றப் பிள்ளைகள் தங்களுக்கும் தேங்காய்ப் பால் வேண்டும் என்று அழுதார்கள்.

இதற்கிடையில் நான் பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்று பேச்சுக் கிளம்பி, தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பெரிய மீசை. தோட்டத்துத் துரையிடம் பேசப் போகும்போது போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தாயி, புள்ளைக்குப் பாலு குடுக்குறதில்லையாம், ரொட்டி குடுக்குறதில்லையாம். பத்து வருசம் போராடிப் பாலு வாங்கிக் குடுத்துருக்கோம். நீ வேணாங்கிறியா?"

"தோட்டத்துக்கு வேணாம்னு சொல்லலீங்க தலைவரே. இவளுக்கு மட்டுந்தான்."

"ஒருத்திக்கு வேணாம்னா நாளைக்கு எல்லாத்துக்கும் வேணாம்னு தொர எழுதிருவான்."

அவர் பயமும் எனக்குப் புரிந்தது. உட்காரச் சொல்லி, வெறுந் தேத்தண்ணியும் இரண்டு வட்ட ரொட்டியும் வைத்தேன். தின்றார். என் மகள் எதிரே நின்று அவர் கையில் ரொட்டி தேய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டினிப் பிள்ளையின் கன்னம் அப்படி இருக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "கருப்பட்டி இருந்தா நல்லாருக்கும்" என்றார். விசாரணை அதோடு முடிந்தது.

மருந்துக்காரய்யா ஒரு கொப்பி கொடுத்திருந்தார். தினமும் என்ன தின்றாள், எத்தனை தடவை போனாள், எவ்வளவு நேரம் கத்தினாள் என்று எழுத வேண்டும். எட்டாம் வகுப்புவரை படித்த எழுத்தை நான் அதற்குத்தான் உபயோகித்தேன். வாரம் ஒரு தரம் அவர் அதைப் பரீட்சைத் தாள் மாதிரிப் படிப்பார்.

ஐந்தாவது வாரம் வயிறு தட்டையானது. குத்திக்கொள்வது குறைந்தது. ஒரு நாள் காலையில் நான் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறித் திரும்பினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு முழுக்கத் தூங்கியிருக்கிறாள், நானும் கூடவே தூங்கியிருக்கிறேன். மடுவத்து வாசலில் தாய்மார் பிள்ளைகளோடு நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கிற கணக்கப்பிள்ளை காரணம் கேட்டார். தூங்கிட்டேன் என்றேன். அவருக்கு அது காரணமாகப் படவில்லை.

ஆனால் கொப்பியில் ஒன்று சரியாக வரவில்லை. மருந்துக்காரய்யாதான் கண்டுபிடித்தார். விரலை வைத்துக்கொண்டே பக்கங்களைத் திருப்பினார்.

"எல்லாம் திங்கக்கெழமையாவே இருக்கே ஆயாம்மா."

பார்த்தேன். திங்கள்: வயிறு உப்பல், கத்தல். செவ்வாய்: நாலு தடவை. புதன்: சுகம். அடுத்த வாரமும் அதே. அதற்கு அடுத்த வாரமும்.

"ஞாயித்துக்கெழம எங்க போறா?"

ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைப்பேன். என் வீட்டுக்காரர் அவளை அப்புத்தளைக்குக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் ரயில் காட்டிவிட்டு வருவார். வேறு எங்கும் போவதில்லை.

அன்று சாயந்தரம் அவர் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு என்ன வாங்கிக் குடுக்குறீங்க?"

கழுவிய காலையே மறுபடி கழுவினார்.

"ஒரு பணிஸ்."

"அப்பறம்?"

"பால் தேத்தண்ணி."

மாவில் செய்த பன், அதோடு பால். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டியை எறிந்தேன். அவர்மேல் படவில்லை. அரிசி இடித்து இடித்து என் உள்ளங்கை காய்த்திருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ என் கையப் புடிக்கிறா புள்ள."

எனக்கு விளங்கவில்லை.

"நானா கட கண்ணாடிப் பெட்டிகிட்ட வந்ததும் அவளா வந்து என் கையப் புடிப்பா. புடிச்சி இழுத்துட்டுப் போயி பணிஸ்மேல வைப்பா. மத்த நேரம் நான் புடிச்சா உதறிருவா, ஒனக்குத் தெரியுமே. அந்த ஒரு எடத்துலதான் புடிப்பா." காலைத் துண்டால் துடைத்தார். "நிறுத்திட்டா அதுவும் இருக்காதுல்ல."

நான் கரண்டியைப் பொறுக்கிக் கழுவி வைத்தேன். எனக்கு அவள் முடியைச் சீவவாவது கொடுப்பாள். அவருக்கு இருந்தது வாரத்தில் அந்த ஒரு நிமிஷம்.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். வட்ட ரொட்டியைத் துணியில் சுற்றி அவர் சட்டைப்பையில் வைத்தேன். நானா கடையில் எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. கண்ணாடிப் பெட்டி தெரிந்ததும் அவள் அவருடைய சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்தாள். இழுத்துக்கொண்டுபோய் பணிஸுக்கு நேரே கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அவர் பையிலிருந்து ரொட்டியை எடுத்தார். அவள் ரொட்டியைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், அவர் கையை விட்டாள். பிறகு கடைவீதி முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. பதுளை ரயில் வந்து நின்று கிளம்பிப் போகிறவரைக்கும் பார்த்தது. ரயிலில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. அவர் கையை லேசாக விரித்துத் தொங்கவிட்டபடி நடந்தார். அதை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

நானா இரண்டு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, புள்ளக்கி வேணும் என்டது பணிஸா, பெட்டியா?"

நாங்கள் இருவரும் பெட்டியைப் பார்த்தோம்.

"அந்த ரொட்டிய இஞ்ச தாங்க."

வாங்கிக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பணிஸ் தட்டை மேலே ஏற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு தாளை விரித்து எங்கள் ரொட்டியை வைத்து மூடினார். பிறகு கல்லாவில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தார். என் மகள் வாசலில் நின்றாள். உள்ளே வந்தாள். கண்ணாடியை ஒரு சுற்றுப் பார்த்தாள். திரும்பி வந்து தன் அப்பாவின் அதே இரண்டு விரலைப் பிடித்தாள்.

நானா எழுந்து, மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே தாளில் பிடித்து எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி சூடு என்றார். அவர் முன்னால் தேத்தண்ணி இன்னும் வைக்கவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு ஒரு ரொட்டி முன்கூட்டியே பெட்டிக்குப் போனது. ஒரு லொறிக்காரர் அதைக் காட்டிக் கேட்டதற்கு நானா, "அது விக்கிறதுக்கு இல்ல" என்றாராம். பின்ன எதுக்குப் பெட்டிக்குள்ள என்று அவர் கேட்க, "பார்க்கிறதுக்கு" என்றாராம். கொப்பியில் திங்கட்கிழமைகள் சரியாயின.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரம்மா மறுபடி வந்தார். நிலையில் குனிந்து வந்தார். என் மகளை நிறுத்துப் பார்த்தார்கள், கூடியிருந்தாள். கொப்பியை மருந்துக்காரய்யா பக்கம் பக்கமாக இங்கிலீஷில் படித்துக் காட்டினார். பணிஸ் விஷயத்தையும் விடவில்லை. டாக்டரம்மா சிரித்தார். பிறகு, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும், எது ஆகவில்லை என்று அப்போதுதான் தெரியும் என்றார். முதலில் மாவு ஒரு வாரம். பிறகு பால்.

மாவைத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் காத்திருந்தோம், இரண்டு வாரம் காத்திருந்தோம். வயிறு தட்டையாகவே இருந்தது. இரவில் தூங்கினாள். பிறகு பால் கொடுத்தோம். இரண்டே நாளில் மத்தளம் திரும்பிவிட்டது. மூன்றாம் நாள் குத்திக்கொண்டு கத்தினாள். நிறுத்தினோம். சரியானது.

ஆகக் குற்றவாளி பால். மாவின்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் மூன்று மாதம் இடித்த அரிசி, கத்திய கத்தல், சங்கத் தலைவர், என் வீட்டுக்காரர் தின்ற ஓரம் எல்லாம் ஒரு நிரபராதிக்காக.

"பணிஸ் குத்தமில்ல" என்றார் அவர். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கூடக் குடுத்த தேத்தண்ணி குத்தந்தானே" என்றேன். அதன்பிறகு சொல்லவில்லை.

டாக்டரம்மா ஊருக்குப் போகுமுன் கடைசியாக வந்தபோது நான் கேட்கக் கூடாதென்று இருந்ததைக் கேட்டேன். மூன்று மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. இனிமேல் வருமா?

மருந்துக்காரய்யா கேட்டார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, நிறையப் பேசினார். ஒரு தடவை என் மகளைக் காட்டினார். ஒரு தடவை என்னைக் காட்டினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அப்படி நேராக யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

"தெரியாதாம்" என்றார் மருந்துக்காரய்யா.

அது போதும் என்று பட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. டாக்டரம்மாவுக்கு நாலு வட்ட ரொட்டி கட்டிக் கொடுத்தேன்.

பேச்சு அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. பால் மட்டும் ஒரேயடியாக நின்றது. வலி போன பிள்ளைக்கு வேறு பக்கம் பார்க்க நேரம் கிடைத்தது என்று நினைக்கிறேன். மடுவத்தில் பத்து மணிக்கு நான் பால் கரைத்து முடிப்பதற்குள் அவள் குவளைகளை எடுத்துப் பாயில் அவரவர் இடத்தில் வைக்கத் தொடங்கினாள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. சிலதில் ஓரம் சிலும்பியிருக்கும், சிலதில் பிடி கோணியிருக்கும். எது எந்தப் பிள்ளையுடையது என்று எனக்கே சந்தேகம் வரும். அவளுக்கு வராது. மருந்துக்காரய்யா ஒரு நாள் சோதிக்கவென்று இரண்டு குவளையை இடம் மாற்றி வைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே மாற்றி வைத்தாள். அவர் மறுபடி மாற்றினார், அவள் மறுபடி மாற்றினாள். ஆறு தடவை நடந்தது. அவர்தான் முதலில் நிறுத்தினார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு மொனராகலைப் பக்கம் கரும்பு வேலைக்குப் போனது. அவர்களுடைய இரண்டு வயதுப் பையன் ஜன்னலோரம் உட்காருகிறவன். அவன் போன மறுநாள் பத்து மணிக்குப் பார்க்கிறேன், அவன் இடத்தில் அவன் குவளை இருந்தது. எடுத்து அலமாரியில் வைத்தேன். அடுத்த நாள் மறுபடி ஜன்னலோரம் இருந்தது. எடுத்து வைத்தேன். மூன்றாம் நாளும் இருந்தது. அதற்குமேல் நான் எடுக்கவில்லை.